ஃப்ளைட் கேன்சல்... சட்டம் யார் பக்கம் பறக்கிறது?

2024 ஜனவரி கடைசி வாரம். காலேஜ் தோழிக்கு புனேயில் கல்யாணம். சென்னையிலிருந்து காலை 5.50-க்கு ஃப்ளைட். முந்தைய நாள் இரவு 9.40 மணிக்கு, பெட்டியில் கடைசிப் புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. ‘செயல்பாட்டுக் காரணங்களால் உங்கள் விமானம் ரத்து செய்யப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ கீழே ஒரு லிங்க். தட்டினால் இரண்டே பட்டன். ஒன்று, ரீஃபண்ட். இன்னொன்று, அன்று மாலை ஃப்ளைட். முகூர்த்தமோ காலை 11.20-க்கு.

வேறு ஏர்லைன்ஸ் ஆப்களைத் திறந்து பார்த்தேன். நான் வாங்கிய விலைக்கு மூன்று மடங்கு. ரீஃபண்ட் பட்டனை அழுத்திவிட்டு, மறுநாள் கல்யாணத்தை வீடியோ காலில் பார்த்தேன். நெட்வொர்க் வேறு சொதப்பியதில், பாதிச் சடங்கு உறைந்துபோன மாப்பிள்ளை முகத்தோடயே முடிஞ்சுபோச்சு. சில நாள் கழித்து ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ போக மீதிப் பணம் வந்தது. நஷ்டஈடு கேட்டு மெயில் போட்டேன். ‘எங்கள் கட்டுப்பாட்டை மீறிய காரணம்’ என்று ஒரே வரியில் பதில். எனக்கும் அடுத்த வேலை இருந்தது, விட்டுவிட்டேன்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சட்டச் சண்டை இருக்கிறது என்று எனக்கு 2025 டிசம்பரில்தான் புரிந்தது.

மூன்று நாள், 3 லட்சம் பேர்

அந்த மாதத்தின் முதல் வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏர்போர்ட் தரையில் பெட்டியைத் தலையணையாக வைத்துப் படுத்திருந்தவர்கள், மலைபோல குவிந்துகிடந்த லக்கேஜ், கவுன்டரில் கத்தித் தீர்த்தவர்கள்... ரீல்ஸ் முழுக்க அதுதான். டிசம்பர் 3 முதல் 5 வரை, மூன்றே நாளில் இண்டிகோ ரத்து செய்த விமானங்கள் 2,507. தாமதமானவை 1,852. மாட்டிக்கொண்ட பயணிகள் 3 லட்சத்துக்கும் மேல். இவை விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ, விசாரணைக்குப் பிறகு சொன்ன எண்ணிக்கைகள்.

காரணம் என்ன? ‘பைலட்டுகளுக்கான புது ரூல்’ என்று எல்லோரும் சொன்னோம். புயலோ, வெள்ளமோ இல்லை. விமானிகள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது, நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனம் நின்றுபோனது.

விதியில் இருந்தது இவ்வளவுதான். விமானிகளுக்கு வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர் ஓய்வு 48 மணி நேரமாகிறது. ‘இரவு’ என்பது அதிகாலை 5 மணியோடு முடியாமல் 6 மணி வரை நீள்கிறது. இரவுப் பணியில் ஒரு விமானி செய்யக்கூடிய தரையிறக்கங்கள் 6-லிருந்து 2 ஆகக் குறைகின்றன. நைட் பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது, டிரைவர் நடுவில் இறங்கி முகம் கழுவிட்டு டீ குடிப்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறோமே, அந்த நிம்மதியைத்தான் இந்த விதி சட்டமாக எழுதிவைத்தது.

சரி, ரூல் திடீர்னு வந்துச்சா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 2023 ஆகஸ்டில் நாக்பூர் ஏர்போர்ட்டில், விமானம் ஏறும் வாயிலருகே ஒரு விமானி மயங்கி விழுந்து இறந்தார். விமானிகளின் சோர்வு பற்றிய பேச்சு அப்போது வலுத்தது. 2024 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ புது விதிகளை வெளியிட்டது. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் அமல் என்றது. விமான நிறுவனங்கள் ‘ஆள் போதாது, அவகாசம் வேண்டும்’ என்றன. தள்ளிவைக்கப்பட்டது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. வழக்கின் முடிவில் ஒரு கால அட்டவணை வந்தது. பெரும்பாலான விதிகள் 2025 ஜூலை 1 முதல், இரவுப் பணி உள்ளிட்ட மீதி நவம்பர் 1 முதல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விதி எழுதப்பட்ட நாளிலிருந்து முழுசாக அமலுக்கு வந்த நாள் வரை ஏறக்குறைய 22 மாதம். அரியர் எழுதும் பையனுக்குக்கூட யாரும் அவ்வளவு டைம் கொடுப்பதில்லை. அதே விதி மற்ற நிறுவனங்களுக்கும் பொருந்தியது, அங்கே இப்படி ஒரு சரிவு நடக்கவில்லை.

டி.ஜி.சி.ஏ விசாரணையும் ஏறத்தாழ இதையேதான் சொன்னது. விமானம், ஊழியர், நேரம் என எல்லாவற்றையும் சொட்டுகூட மிச்சமில்லாமல் பிழிந்து பயன்படுத்தும் திட்டம், புது விதிக்குப் போதுமான தயாரிப்பின்மை, மென்பொருள் குறைபாடு, நிர்வாகக் குறைபாடு. 2026 ஜனவரி 17-ம் தேதி அபராதம் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 22.20 கோடி ரூபாய். கூடவே 50 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம்.

அபராதத் தொகையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் 1.80 கோடி ஒரே தடவை அபராதம். மீதி 20.40 கோடி, நாளொன்றுக்கு 30 லட்சம் வீதம் 68 நாள்களுக்கு. அது என்ன 68 நாள்? டிசம்பர் 5-ம் தேதி, நிலைமையைச் சமாளிக்க இரவுப் பணி விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்கு கொடுத்தது டி.ஜி.சி.ஏ. டிசம்பர் 5-லிருந்து பிப்ரவரி 10 வரை எண்ணினால் சரியாக 68 நாள். ஒரு பக்கம் விலக்கு, இன்னொரு பக்கம் அதே நாள்களுக்கு அபராதம்.

22.20 கோடியை 3 லட்சம் பயணிகளால் வகுத்தால் தலைக்கு 740 ரூபாய். அதுவும் பயணிக்கு வராது, அரசுக் கணக்குக்குப் போகும்.

எனக்கு இதில் உறுத்தியது இன்னொன்று. நெருக்கடி வந்ததும் முதலில் தளர்த்தப்பட்டது எது? விமானியின் ஓய்வு. பயணி சிக்கித் தவிக்கிறார், அதனால் விமானி கொஞ்சம் குறைவாகத் தூங்கட்டும் என்பதுதான் அன்றைக்கு எடுக்கப்பட்ட அவசர முடிவு. இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, நடுவிலிருந்த நிறுவனத்துக்கு மூச்சுவிட டைம் கிடைத்தது. டி.ஜி.சி.ஏ-வை மட்டும் திட்டியும் பயனில்லை. அங்கே ஏறக்குறைய பாதிப் பணியிடங்கள் காலி என்று நாடாளுமன்றக் குழுவே 2025-ல் சுட்டிக்காட்டியிருந்தது. இண்டிகோவைக் கண்காணித்த 4 ஆய்வாளர்கள் டிசம்பரில் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

‘எது குறைவோ அது’

இப்போ நம்ம பாக்கெட்டுக்கு வருவோம்.

ஃப்ளைட் ரத்தானால் பயணிக்கு என்ன கிடைக்கும் என்று டி.ஜி.சி.ஏ-வின் விதித் தொகுப்பு ஒன்று சொல்கிறது. 2010 ஆகஸ்ட் 6-ம் தேதி வெளியானது, அதன் பிறகு திருத்தங்கள் வந்தன. ரத்து பற்றி இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் மாற்று விமானம் அல்லது ரீஃபண்ட், அவ்வளவுதான். 24 மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் சொன்னால், அதற்கு மேல் நஷ்டஈடும் உண்டு. 1 மணி நேரம் வரையிலான பயணம் என்றால் 5,000 ரூபாய். 2 மணி நேரம் வரை 7,500. அதற்கு மேல் 10,000.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், விதியில் ஒரு சின்ன வால் உண்டு. அந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது.

‘எது குறைவோ அது.’ இந்த வார்த்தைகளில்தான் விஷயமே இருக்கிறது. ஆஃபரில் 4,000 ரூபாய் அடிப்படைக் கட்டணத்தில் சென்னை - டெல்லி டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலான பயணம், 10,000 ரூபாய் வரிசை. ரத்தானால் உங்களுக்கு வருவது ரீஃபண்ட் போக இன்னொரு 4,000 மட்டும்தான். அதே நாளில் இன்னொரு ஏர்லைன்ஸில் போக என்ன ஆகும்? டிசம்பர் நெருக்கடியில் கட்டணம் எகிறியபோது, 6-ம் தேதி மத்திய அரசு உச்ச வரம்பு வைத்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய். சென்னை - டெல்லி அந்தக் கடைசி வரிசைக்குள் வரும். அரசு ‘இதற்கு மேல் போகாதே’ என்று வைத்த விலையே 18,000. உங்கள் கையில் ரீஃபண்ட், நஷ்டஈடு இரண்டும் சேர்த்து 8,000 சொச்சம். அந்த வரம்பு வருவதற்கு முன்பு கட்டணம் 35,000-ஐயும் தாண்டியது. எப்படி இவ்வளவு தூரம் போக விட்டீர்கள் என்று டிசம்பர் 10-ம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. பயணிகளுக்கு விதிப்படி நஷ்டஈடு போய்ச் சேர வேண்டும் என்றும் சொன்னது.

5,000, 7,500, 10,000 என்ற இந்தத் தொகைகள் 2016-ல் வைக்கப்பட்டவை. இடைப்பட்ட காலத்தில் டீ விலை, வீட்டு வாடகை, நெட் பேக் எல்லாம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

டிசம்பரில் இண்டிகோ ரீஃபண்டைத் திருப்பிக் கொடுத்தது. நஷ்டஈடு வகையில் 500 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் என்று சொன்னது. மிகவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் பயண வவுச்சரும் தந்தது. வவுச்சர் என்றால், திரும்ப அதே விமானத்தில்தான் போக வேண்டும். ‘அப்போ வேற ஏர்லைன்ஸ்ல போயிடலாமே’ என்கிறீர்களா? உள்நாட்டுப் பயணிகளில் 100 பேரில் சுமார் 65 பேரை ஏற்றிச் செல்வது இந்த ஒரே நிறுவனம். பல ஊர்களுக்கு வேறு ஆளே கிடையாது. அதனால்தான், போட்டி ஆணையமான சி.சி.ஐ-யும் இதில் சந்தை ஆதிக்கம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதா என்று ஆராயத் தொடங்கியது.

‘அசாதாரண சூழ்நிலை’ என்ற பெரிய கதவு

என் மெயிலுக்கு வந்த ‘எங்கள் கட்டுப்பாட்டை மீறிய காரணம்’ என்ற பதிலுக்கு வருகிறேன். அது கஸ்டமர் கேர் ஆசாமி சொந்தமாக எழுதியதில்லை. விதியிலேயே இருக்கிறது. நியாயமான எல்லா முயற்சியும் செய்தும் தவிர்க்க முடியாத அசாதாரண சூழ்நிலை என்றால் நஷ்டஈடு கிடையாது. என்னென்ன சூழ்நிலை? அரசியல் குழப்பம், இயற்கைச் சீற்றம், கலவரம், வெள்ளம், அரசு உத்தரவு, வேலைநிறுத்தம், தொழிலாளர் தகராறு... இத்தோடு விட்டிருக்கலாம். ‘நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய வேறு எந்தக் காரணமும்’ என்று முடிகிறது பட்டியல்.

சிலவற்றில் சண்டைக்கு இடமில்லை. போகி அன்று சென்னை ஏர்போர்ட் புகையில் ஓடுபாதை தெரியாமல் திணறியதை 2018-ல் பார்த்தோம். டயரைக் கொளுத்தியது நம் ஆட்கள், அதற்கு ஏர்லைன்ஸ் என்ன செய்யும்? 2007 டிசம்பரில் டெல்லிப் பனிமூட்டத்தில் தாமதமான ஒரு விமானம் பற்றிய வழக்கில், 2011-ல் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது. பனிக்கு நஷ்டஈடு இல்லை. ஆனால் கட்டணம் குறைவு என்பதற்காகப் பயணியைச் சாப்பாடு, தண்ணீர் இல்லாமல் அம்போவென விட முடியாது, அது குறைந்தபட்சக் கடமை என்றது.

சிக்கல் நடுவில் இருக்கும் காரணங்களில்தான். எஞ்சின் பழுது? விமானி வரவில்லை? ‘செயல்பாட்டுக் காரணம்’? டிசம்பர் சரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானிகள் ஓய்வு விதி ஓர் அரசு உத்தரவுதான். ‘அரசு உத்தரவு’ பட்டியலில் இருக்கிறது. யாராவது ஒரு கெட்டிக்கார வக்கீல் அதை வைத்து வாதாடியிருந்தால்? நாடே பார்த்துக்கொண்டிருந்ததால் டிசம்பரில் அந்த வாதம் எடுபட்டிருக்காது. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையில், ஒரே ஒரு ஃப்ளைட் ரத்தாகும்போது யார் பார்க்கிறார்கள்?

ஐரோப்பாவில் இந்தக் கதவை நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டே வந்திருக்கின்றன. அங்கே நஷ்டஈடு 250, 400, 600 யூரோ என்று தூரத்தைப் பொறுத்தது. டிக்கெட் 20 யூரோவுக்கு வாங்கியிருந்தாலும் அதே தொகை. ‘எது குறைவோ அது’ கிடையாது. எது அசாதாரணம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தந்த தீர்ப்புகளைப் படித்தால் சுவாரஸ்யமாக இருக்கும். விமானத்தில் பறவை மோதியது, அசாதாரணம், நஷ்டஈடு இல்லை. ஓடுபாதையில் கிடந்த திருகாணி டயரைக் கிழித்தது, அதுவும் அசாதாரணம். ஆனால், வழக்கமான தொழில்நுட்பப் பழுது? அது உங்கள் தொழிலோடு வருவது, பணத்தைக் கொடு. உங்கள் சொந்த விமானிகள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்களா? அதுவும் உங்கள் வீட்டுப் பிரச்னை, கொடு.

2019-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து லிஸ்பனுக்கு அதிகாலையில் கிளம்ப வேண்டிய விமானத்தின் துணை விமானி, ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். சக ஊழியர்கள் அதிர்ச்சியில் விமானத்தை இயக்க மறுத்தார்கள். ஃப்ளைட் ரத்து. மனிதனாகப் பார்த்தால் இதைவிட அசாதாரணம் வேறென்ன? ஆனால், 2023 மே மாதம் நீதிமன்றம் சொன்னது வேறு. ஊழியர் திடீரென வர முடியாமல் போவது எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியது, அதற்குத் தயாராக இருப்பது நிறுவனத்தின் வேலை. பயணிகளுக்கு நஷ்டஈடு உண்டு. எனக்கு இந்தத் தீர்ப்பைப் படிக்கவே ஒரு மாதிரி இருந்தது. ஆனால், அதில் உள்ள லாஜிக்கை மறுக்க முடியவில்லை. ரிஸ்க் யாருடையது என்பதற்கு அங்கே ஒரு கோடு இருக்கிறது. இங்கே நமக்கு அப்படி ஒரு தெளிவான கோடு இன்னும் கிழிக்கப்படவில்லை.

வாடகைக்கு விட்டவருக்கு இரண்டே வருஷம்

‘இந்தியாவில் சட்டம் மெதுவாத்தான் நகரும்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால், விமானத் துறையில் ஒரு சட்டம் ராக்கெட் வேகத்தில் வந்தது. அந்தக் கதை தெரிந்தால் சமாதானம் வராது.

இந்தியாவில் நீங்கள் ஏறும் விமானங்களில் பெரும்பாலானவை அந்த ஏர்லைன்ஸுக்குச் சொந்தமில்லை. அயர்லாந்து போன்ற நாடுகளிலுள்ள நிறுவனங்களிடமிருந்து வாடகைக்கு எடுத்தவை. 2023 மே 2-ம் தேதி கோ ஃபர்ஸ்ட் நிறுவனம், தானே முன்வந்து திவால் மனு போட்டது. பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் சரியாக வராததால் பாதி விமானங்கள் தரையிலேயே நிற்கின்றன என்றது. அடுத்த நாளே பறப்பது நின்றது. மே 10-ம் தேதி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றது. ஏற்றதும், திவால் சட்டப்படி நிறுவனத்திடம் இருக்கும் எதையும் யாரும் எடுத்துச் செல்லக் கூடாது என்ற தடை தானாக வந்துவிடும். வாடகைக்கு விட்டவர்கள் பதறிப்போனார்கள். ‘வண்டி எங்களுது, வாடகை வரலை, வண்டியையாவது கொடுங்க’ என்றார்கள். கொடுக்க முடியாது என்றது சட்டம். விமானங்கள் ஏர்போர்ட்களில் வெயிலில் நின்றன.

அதன் பிறகு நடந்த வேகத்தைப் பாருங்கள். 2023 அக்டோபர் 3-ம் தேதி, விமானங்களுக்கும் எஞ்சின்களுக்கும் அந்தத் தடை பொருந்தாது என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2024 ஏப்ரல் 26-ம் தேதி, 54 விமானங்களின் பதிவை 5 வேலை நாள்களுக்குள் ரத்து செய்து உரியவர்களிடம் விடச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். 2025 ஏப்ரலில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டுவிட்டது. விமானப் பொருள்கள் மீதான உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் அது. 2001-ல் கேப் டவுனில் உருவாகி, 2008-ல் இந்தியா இணைந்த சர்வதேச ஒப்பந்தத்துக்கு 17 ஆண்டுகள் கழித்து உள்நாட்டில் பல் முளைத்தது. முளைக்க வைத்தது ஒரே ஒரு நிறுவனத்தின் திவால்.

கோ ஃபர்ஸ்ட்டில் டிக்கெட் வாங்கிவைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஃபாரம் நிரப்பி, கடன்காரர்கள் வரிசையில் பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைத்து விற்க உத்தரவாகிவிட்டது. கலைக்கும்போது யாருக்கு முதலில் பணம் என்று திவால் சட்டம் வரிசை போட்டிருக்கிறது. நடைமுறைச் செலவுகள், பிறகு அடமானம் பிடித்த வங்கிகளும் தொழிலாளர் பாக்கியும், பிறகு ஊழியர்கள்... டிக்கெட் வாங்கிய நீங்கள் பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் வருகிறவர். 2019 ஏப்ரல் 17-ம் தேதி பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸுக்கு, கலைக்கும் உத்தரவு உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது 2024 நவம்பர் 7-ம் தேதி. அஞ்சரை வருஷம்.

வாடகைக்கு விட்டவருக்குச் சட்டம் வந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குப் பயம் வந்தால் வாடகையை ஏற்றுவார்கள், அது டிக்கெட் விலையில்தான் வந்து விழும். அரசு சொன்ன காரணமும் அதுதான், நியாயமான காரணம். ஆனால், அவர்களுக்கு ஏன் இரண்டே வருஷத்தில் வந்தது என்று யோசித்தால் பதில் எளிது. அவர்களால் விமானத்தை இந்தியாவுக்குத் தராமல் வேறு நாட்டுக்குக் கொடுக்க முடியும். விமானிகளால் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போக முடிந்தது, அவர்களுக்கு அரைகுறையாகவாவது கிடைத்தது. நாம் தனித்தனி பி.என்.ஆர் நம்பர்கள். 3 லட்சம் பேர் ஒரே நேரத்தில் அழுதாலும், தனித்தனியாகத்தான் அழுகிறோம்.

ஏர்லைன்ஸ் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கிங்ஃபிஷர், ஜெட், கோ ஃபர்ஸ்ட் என்று பதினோரு வருஷத்துக்குள் மூன்று பெயர்கள் வானத்திலிருந்து அழிந்துவிட்டன. எரிபொருளை ரூபாயில் வாங்கினாலும், வாடகையை டாலரில் கட்ட வேண்டும். நஷ்டஈட்டை ஏற்றினால் டிக்கெட் விலை ஏறும், முதல் தடவை விமானம் ஏறுகிற குடும்பம் மறுபடி ரயிலுக்கே போய்விடும் என்கிறார்கள். ஐரோப்பாவிலும் இதே வாதத்தில், 3 மணி நேரத் தாமதத்துக்குக் கிடைக்கும் நஷ்டஈட்டை 4 மணி, 6 மணி என்று தள்ளும் முயற்சி நடக்கிறது. விலை ஏறும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், டிசம்பரில் 18,000 கொடுத்துப் போனவருக்கு விலை ஏற்கெனவே ஏறிவிட்டது. கூடுதலாக ஆள் எடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தை, கடைசியில் அவர்தான் கட்டினார்.

மெசேஜ் வந்தால் என்ன செய்யலாம்?

டிக்கெட் புக் செய்யும்போதே ஒரு விஷயம். உங்கள் சொந்த போன் நம்பரும் மெயிலும் ஏர்லைன்ஸிடம் இருக்க வேண்டும். தெரு முனை டிராவல் ஏஜென்ட் அவருடைய நம்பரைப் போட்டுவிட்டால், ‘பயணி சரியான தொடர்பு விவரம் தரவில்லை’ என்று நஷ்டஈட்டையே மறுக்க விதியில் இடமிருக்கிறது. இது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

ரத்து என்று மெசேஜ் வந்ததும் வந்த நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 24 மணி நேரக் கணக்கு அதில்தான் இருக்கிறது. காரணத்தை மெயிலில் கேளுங்கள். ‘செயல்பாட்டுக் காரணம்’ என்று வந்தால், அது என்ன காரணம் என்று திரும்பக் கேளுங்கள். ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு, 2 மணி நேரத் தாமதத்திலேயே சாப்பாடு கேட்கலாம். 6 மணி நேரத்துக்கு மேல் என்றால் முழு ரீஃபண்ட் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் அறையும் உண்டு. சீட் அதிகமாக விற்றுவிட்டு உங்களை ஏற்றாமல் விட்டால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராத பட்சத்தில், தொகை இன்னும் பெரிது. அடிப்படைக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு, 10,000 ரூபாய் வரை. மாற்று விமானம் 24 மணி நேரத்துக்கும் பிறகு என்றால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய் வரை. கவுன்டரில் இதையெல்லாம் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால்தான்.

மறுத்தால் ‘ஏர்சேவா’ ஆப்பில் புகார் செய்யலாம், 1915 என்ற நுகர்வோர் ஹெல்ப்லைனைக் கூப்பிடலாம். அதிலும் நடக்கவில்லையா, நுகர்வோர் ஆணையம். ஏர்லைன்ஸ் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் போனிலிருந்தே தாக்கல் செய்யலாம். டி.ஜி.சி.ஏ-வின் 10,000 ரூபாய்க் கணக்கைத் தாண்டி, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியாகக் கேட்கலாம். காலக்கெடு, சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்.

இந்தக் கட்டுரைக்காக என் பழைய மெயிலைத் தேடி எடுத்தேன். மெசேஜ் வந்த நேரம், ரத்தான ஃப்ளைட் நம்பர், ‘கட்டுப்பாட்டை மீறிய காரணம்’ என்ற அந்தப் பதில், எல்லாம் பத்திரமாக இருந்தது. எட்டு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். தேதியைப் பார்த்தேன். இரண்டு வருஷம், 2026 ஜனவரியோடு முடிந்துவிட்டது.